கண்ணாடிக்காரிக்கு ஐந்து கார்டு

பன்னிரண்டு வயதில் எனக்கு ஒரே ஒரு திறமைதான் இருந்தது. மிட்டாய் பாக்கெட்டைப் பிரிக்காமல், விரலால் தடவிப் பார்த்தே உள்ளே இருக்கிற கார்டு எது என்று சொல்லிவிடுவேன். முக்கால்வாசி தப்பாகத்தான் இருக்கும். ஆனால் சொல்லும்போது முகத்தை அப்படி வைத்துக்கொள்வேன், வகுப்பில் பாதிப் பேர் நம்பினார்கள். இன்றைக்கும் என் பிழைப்பு ஏறக்குறைய அந்த முகத்தை வைத்துத்தான் ஓடுகிறது.

நாங்கள் அரியலூரில் இருந்தோம். அம்மாவுக்குப் பிறந்த வீடு பெரம்பலூர்ப் பக்கம். இரண்டு ஊரும் ஒரே மாவட்டமா, தனித்தனி மாவட்டமா என்று அரசாங்கத்துக்கே முடிவு தெரியாமல் பிரிப்பதும் சேர்ப்பதுமாக இருந்த வருஷங்கள் அவை. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ரசத்துக்குப் புளி எவ்வளவு, மாப்பிள்ளைக்கு மரியாதை எவ்வளவு என்று எல்லாவற்றிலும் "எங்க பக்கம்", "உங்க பக்கம்" என்று இரண்டு பக்கம் இருந்தது. இது எனக்கு ஒரு நாள் வினையாக வந்து முடியும் என்று அப்போது தெரியாது.

கார்டு விஷயத்துக்கு வருகிறேன். அதுவரைக்கும் கார்டு என்றால் பையன்களுக்குத்தான். கிரிக்கெட் ஆட்டக்காரர்கள், குஸ்தி பயில்வான்கள், அவர்களுடைய உயரம், எடை. எங்களை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு எங்கேயோ ஒரு மிட்டாய்க் கம்பெனிக்காரனுக்குப் பெண்பிள்ளைகளும் காசு வைத்திருக்கிறார்கள் என்று உறைத்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் இருந்த பெட்டிக்கடையில் ஒரு நாள் ரோஸ் கலர் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. உள்ளே வாயில் வைத்தால் சாக்பீஸ் மாதிரி கரைகிற ஒரு மிட்டாய், கூடவே ஒரு கார்டு. கார்டில் இறக்கை முளைத்த ஒரு பெண். மேலே ஜிகினாத் தூள். மிட்டாயை என் தங்கைக்குக் கொடுத்துவிடுவேன். அவள் பல் சொத்தையானதில் எனக்கும் பங்கு உண்டு.

மொத்தம் இருபத்துநாலு தேவதைகள். எல்லோருக்கும் இங்கிலீஷில் பெயர் போட்டிருக்கும். அதை எங்களால் வாசிக்க முடியாது, வாசித்தாலும் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஆகவே நாங்களே அடையாளம் வைத்துக் கூப்பிட்டோம். குடைக்காரி, பூனைக்காரி, நீல ரெக்கை, பட்டாணிப் பச்சை, ஒரு பக்கம் சாய்ந்து நிற்பவள். கார்டின் பின்பக்கம் அவரவருக்குப் பிடித்த பழம், பொழுதுபோக்கு எல்லாம் இருக்கும். குடைக்காரிக்குப் பிடித்த பழம் ஸ்ட்ராபெர்ரி. பொழுதுபோக்கு பனியில் சறுக்குவது. சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போனால் தெருவே முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொள்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, நானும் பெரியவள் ஆனதும் பனியில் சறுக்குவதாக முடிவு செய்திருந்தேன். பெரியவள் ஆவது எவ்வளவு சீக்கிரத்தில், எந்த லட்சணத்தில் வரும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

என்னிடம் இருபத்துமூன்று சேர்ந்துவிட்டது. வராதவள் ஒருத்திதான், கண்ணாடிக்காரி. கையில் முகம் பார்க்கிற கண்ணாடி வைத்திருப்பாள். அந்தக் கண்ணாடி இருக்கிற இடத்தில் மட்டும் வட்டமாக வெள்ளிக் காகிதம் ஒட்டியிருக்கும், உற்றுப் பார்த்தால் நம் மூக்கு மங்கலாகத் தெரியும். எங்கள் வகுப்பில் அவள் ஒரே ஒருத்தியிடம்தான் இருந்தாள். அந்த ஒருத்தி எனக்கு உயிர்த் தோழி, அடுத்த தெரு. அதுதான் எனக்கு அதிக எரிச்சல். எதிரியிடம் இருந்திருந்தால் வெறுத்துவிட்டாவது போயிருக்கலாம்.

அவளுக்கு வேறு ஐந்து தேவதைகள் வரவில்லை. அந்த ஐந்தும் என்னிடம் இரண்டு மூன்றாக இருந்தன. ஆகவே கணக்கு சுலபம்: நான் ஐந்தைக் கொடுத்தால் அவள் கண்ணாடிக்காரியைத் தருவாள்.

"உனக்கு அவ வேணாமா?" என்று கேட்டேன்.

"அவ திமிரு புடிச்சவ மாரி இருக்கா. எனக்கு அஞ்சு பேரு கெடைக்கிறாங்கல்ல" என்றாள்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவள் உடனே கையை நீட்டியிருப்பாள். நான் பேரம் பேசினேன். மூன்று தருகிறேன் என்றேன். அவள் ஐந்து என்றாள். மூன்றும் ஒரு சென்ட் ரப்பரும் என்றேன். அவள் ஐந்து என்றாள். இப்படியே வாரக்கணக்கில் இழுத்தேன். அந்தக் கார்டுகள் என்னிடம் சும்மா கிடந்தன, கொடுத்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் கேட்டதைக் கொடுத்துவிட்டால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடுமே! கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மணி அடித்த பிறகு, பெரிய தியாகம் செய்கிறவளைப் போல மூஞ்சியை வைத்துக்கொண்டு ஐந்துக்குச் சம்மதித்தேன். மறுநாள் காலையில் அவள் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

மறுநாள் காலையில் பாயில் கார்டுகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தேன். இரண்டு இருப்பதில் எது முனை மடங்கியது, எது ஜிகினா உதிர்ந்தது என்று பார்த்து, மட்டமானதை அவளுக்கு எடுத்து வைக்கிற முக்கியமான வேலை. விளக்குமாற்றோடு வந்த அம்மா என்னைப் பார்த்தாள், என் பாவாடையைப் பார்த்தாள், விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"எந்திரிக்காத. அப்புடியே இரு" என்றாள்.

கார்டைப் பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன். கணக்குப் பரீட்சையில் நான் வாங்கிய மார்க் அப்படி. எல்லாவற்றையும் வாரி மடியில் போட்டுக்கொண்டு, "இனிமே வாங்க மாட்டேம்மா, சத்தியமா வாங்க மாட்டேன்" என்று அழ ஆரம்பித்தேன். அம்மாவும் அழுதாள். கணக்கு மார்க்குக்குக்கூட அம்மா அழுததில்லை. பக்கத்து வீட்டில் இருந்த அத்தை ஓடி வந்து என்னைப் பார்த்துவிட்டு நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். மிட்டாய் பாக்கெட் வாங்கியதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எனக்குப் புரியவில்லை. நான் வயசுக்கு வந்துவிட்ட செய்தி தெருவுக்கே தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலமே தாய்மாமன் பெரம்பலூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். பஸ் மேல் ஒரு மூட்டை சின்ன வெங்காயமும் ஒரு கட்டுப் பச்சைத் தென்னங்கீற்றும். அக்கா மகள் உட்கார்ந்துவிட்டால் குடிசை கட்டிக் கொடுப்பது மாமன் முறை. அரியலூரில் கீற்று கிடைக்காதா என்று அத்தை கேட்டதற்கு, "எம் பொண்ணுக்கு எங்க ஊரு கீத்துதான்" என்றார். கொல்லைப்பக்கம் மதிலை ஒட்டி, நான் படுத்தால் கால் நீட்டுகிற அளவுக்கு ஒரு குடிசை போட்டார். உள்ளே கட்டில், மெத்தை என்று ஒன்றும் இல்லை, ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர், குறுக்கே ஓர் உலக்கை, தலைமாட்டில் வேப்பிலை. வேளாவேளைக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் உள்ளே வரும். நான் தொட்டதை யாரும் தொடக்கூடாது, நான் யாரையும் தொடக்கூடாது. அங்கே என்னோடு என் கார்டுகளும் வந்துவிட்டன. மடியில் இருந்தவை அல்லவா?

மற்ற பெண்கள் இதற்கு அழுவார்களாம். எனக்கோ முதல் நாளே சந்தோஷம் தாங்கவில்லை. நான் தொட்டதை யாரும் தொட முடியாது என்றால் தங்கையும் தொட முடியாது! அவள் வாசலில் குந்தி உட்கார்ந்து என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ பெரிய மனுஷி ஆயிட்டியாம். இனிமே கார்டு எனக்குத்தானே?"

உள்ளே இருந்தே ஒரு வேப்பங்கொத்தை எடுத்து எறிந்தேன். தீட்டுப் பட்டுவிட்டது என்று அவளைக் குளிக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் எட்டவே நின்றாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் தோழி வந்தாள். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக்காரியை எடுத்துத் தூரத்திலிருந்தே காட்டினாள். சாயங்கால வெயிலில் வெள்ளிக் காகிதம் பளிச்சென்று அடித்தது. மாற்றிக்கொள்ளலாம் என்றாள். ஆனால் என் கையிலிருந்து ஒரு சாமான் வெளியே போக வேண்டுமென்றால் அதற்கு முறை இருந்தது. நான் அதைத் தரையில் வைக்க வேண்டும், அம்மா வந்து மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும், பிறகுதான் அடுத்தவர் எடுக்கலாம். முதலில் குடைக்காரியை வைத்தேன். அம்மா சொம்பில் கைவிட்டு மூன்று முறை தெளித்தாள். எங்கள் கண் முன்னாலேயே குடைக்காரி மஞ்சளாகி, ஊறி, ஓரம் சுருண்டு, ஒரு பக்க இறக்கை உரிந்து தனியாக வந்துவிட்டது.

தோழி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "என்னாடி இது, மஞ்சக்காமாலை வந்தவ மாரி இருக்கா. எனக்கு வேணாம்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "நீ தண்ணி ஊத்திட்டு வெளிய வா. அப்பறம் காஞ்ச கார்டா குடு. இவளை வேற எவளுக்கும் குடுக்க மாட்டேன்" என்றாள். நல்லவேளை, குடைக்காரி என்னிடம் மூன்று இருந்தாள்.

அவள் போன பிறகு அம்மா இன்னொரு குண்டைப் போட்டாள். குடிசைக்குள் இருக்கிற பாய், தட்டு, துணி எதுவும் திரும்ப வீட்டுக்குள் வராதாம். எல்லாவற்றையும் சலவைக்காரிக்குக் கொடுத்துவிட வேண்டுமாம்.

"கார்டு?" என்றேன்.

"கார்டும்தான். எல்லாத்தையும் மடியில வாரிப் போடச் சொல்லி நானா சொன்னேன்?" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து நான் படுத்துக்கொண்டு யோசித்தேன். வேறு வேலையும் இல்லை. அப்போதுதான் என் மூளை, வாழ்க்கையில் முதல் தடவையாக, தானாக வேலை செய்தது. உள்ளே இருக்கிற சாமானைத்தானே கொடுப்பார்கள், குடிசையை என்ன செய்வார்கள்? எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் எத்தனையோ சடங்கு பார்த்திருக்கிறேன். காலையில் குடிசையைப் பிரித்துக் கீற்றைத் தெருக்கோடி மதில் ஓரமாக வீசிவிடுவார்கள். அது அங்கேயே கிடக்கும், ஆடுகள் வந்து மென்றுகொண்டிருக்கும். ஆகவே கார்டுகளைக் கூரைக் கீற்றின் பின்னலுக்குள் செருகிவிட்டால் யார் கண்ணிலும் படாது. தண்ணீர் ஊற்றி வெளியே வந்ததும், மதில் ஓரம் போய் ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளலாம். கூரை மாமனுடையது, நான் தொட்டது இல்லை, தீட்டும் இல்லை. சட்டப்படி ஓட்டையே இல்லாத திட்டம். வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்கலாம் என்னை.

ஒரு மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது செருகி முடித்தேன். படுத்து மேலே பார்த்தால் இருபத்துமூன்று பேரும் கீற்று இடுக்கிலிருந்து என்னைக் குனிந்து பார்த்தார்கள். வெயில் பொத்தல் வழியாக உள்ளே வந்து ஜிகினாவில் பட்டு, கீழே என் கை காலெல்லாம் புள்ளி புள்ளியாக மின்னியது. களி தின்று தின்று வயிறு கனத்துக் கிடந்த எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அதற்குப் பிறகு எத்தனையோ வாடகை வீடுகளில், ஏசி போட்ட அறைகளில்கூடப் படுத்துவிட்டேன். அந்தக் குடிசையில் இருந்த சந்தோஷம் வேறு எங்கேயும் வரவில்லை.

சடங்கன்று விடிகாலையில் தலையில் துண்டைப் போட்டு மூடி என்னை வெளியே கூட்டிப்போனார்கள். வீட்டின் பக்கவாட்டில் மணைப்பலகை போட்டு, அத்தை முதல் குடத்தை ஊற்றினாள். பிறகு வரிசையாகச் சுமங்கலிகள். குளிரில் பல் கிட்டித்தது. பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நேரத்தில் மதில் ஓரம் போய்விடலாம் என்று பொறுத்துக்கொண்டேன். அப்போது தங்கை கொல்லையிலிருந்து ஓடி வந்தாள்.

"அக்கா, மாமா குடிசையக் கொளுத்துறாரு! தீ பச்சையா, நீலமா, கலர் கலரா எரியுது, வந்து பாரேன்!"

எங்கள் தெருவில் நான் பார்த்ததெல்லாம் அரியலூர்ப் பக்கத்து வழக்கம். பெரம்பலூரில் மாமன் வீட்டார் பச்சைக் குடிசையை ஆடு மாடு வாய் வைக்க விடமாட்டார்கள், கொளுத்திவிடுவார்கள். குடிசை மாமனுடையது, ஆகவே வழக்கமும் மாமனுடையது. இரண்டு பக்கமும் தனித்தனி என்று பிறந்ததிலிருந்து காது புளிக்கக் கேட்டவளுக்கு, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது ஞாபகம் வரவில்லை. நான் எழுந்து ஓடினேன். ஈரப் பாவாடை காலைத் தட்டிவிட்டது. நான்கு பேர் பிடித்து இழுத்துத் திரும்பப் பலகையில் உட்கார வைத்தார்கள். "சடங்கு பாதியில இருக்கையில எங்கடி ஓடுற?" என்று அத்தை தலையில் இன்னொரு குடத்தைக் கவிழ்த்தாள்.

நான் வாய்விட்டு அழுதேன். மூக்கில் சளி வழிய, விக்கி விக்கி அழுதேன். அதைப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்த பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சின்னப்பிள்ளைக் காலம் முடிந்துபோச்சே என்று குழந்தை உருகுகிறது என்றார் ஒரு பெரியம்மா. சத்தம் கேட்டு மாமன் வந்தார். கையில் மண்ணெண்ணெய் டப்பா, புருவத்தில் கரி. நான் குடிசை இருந்த பக்கமே கையைக் காட்டி அழுவதைப் பார்த்தார். டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி நின்றவர்களைப் பெருமையாகப் பார்த்தார்.

"நான் கட்டுன குடிசைன்னா அவ்வளவு உசுரு எம் புள்ளைக்கு" என்றார்.

அந்த வார்த்தையை அவர் இன்றுவரை விடவில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு இந்தக் கதை நிச்சயம். சொல்லி முடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் கண் கலங்குவார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன்.

பத்து மணிக்கு வாசல் பந்தலில் என்னை நாற்காலியில் ஏற்றினார்கள். என் எடைக்குச் சமமாகப் பட்டுப்புடவை, அதற்குச் சமமாகப் பூ ஜடை. முகத்துக்குப் போட்ட பவுடரில் கண்ணீர் இரண்டு வாய்க்கால் வெட்டியிருந்தது. கழுத்தைத் திருப்பினால் ஜடை இழுக்கும். போட்டோக்காரர் சிரிக்கச் சொல்லி அலுத்துப்போய், சும்மா இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார். கொல்லைப்பக்கத்துச் சாம்பல் நாற்றம் பந்தல் வரைக்கும் வந்தது. ஒருத்தருக்கும் அது தெரிந்ததாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் மூக்கைவிட்டுப் போகவே இல்லை. இருபத்துமூன்று பேர். ஒருத்திகூட மிச்சம் இல்லை. மட்டமானது, நல்லது என்று பிரித்து வைத்தேனே, எல்லாம் ஒன்றாகப் போய்விட்டது.

தோழி அவள் அம்மாவோடு வந்தாள். காலையில் அவள் இங்கே இல்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. வரிசையில் வந்து, பெரியவர்கள் செய்கிற மாதிரியே கன்னத்தில் சந்தனம் தடவினாள். அவசரத்தில் பாதி மூக்கில் அப்பிவிட்டது. பிறகு ஒரு மொய்க் கவரை என் கையில் திணித்தாள். கவர் லேசாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். வழவழப்பாக ஒரு சின்ன வட்டம் தட்டுப்பட்டது. அந்த ஒரு தடவை எனக்குத் தப்பே வரவில்லை.

"நான் இன்னும் உனக்கு அஞ்சு தரலையே" என்றேன்.

"வேணாம். நீ இனிமே கடைக்கெல்லாம் வர மாட்டியாம், தனியா உன்னை வுட மாட்டாங்களாம், எங்கம்மா சொன்னாங்க. அப்பறம் உனக்கு அவ எப்புடி கெடைப்பா? நான் எப்ப வேணா வாங்கிக்குவேன்." குனிந்து என் காதருகில் வந்தாள். "இப்ப செட்டு முழுசா ஆயிடுச்சுல்ல?"

அவள் முகத்தைப் பார்த்தேன். என்னைவிட அவளுக்குத்தான் அதில் அதிக சந்தோஷம். வாரக்கணக்கில் மூன்றா ஐந்தா என்று இழுத்தடித்தவளிடம், அவள் ஒன்றுமே வாங்காமல் கொடுத்துவிட்டு நிற்கிறாள். எரிந்ததைச் சொல்லி அங்கேயே ஓவென்று அழுதிருக்கலாம், காலையிலிருந்து அழுது நல்ல பழக்கம்.

"ஆயிடுச்சுடி. முழுசா ஆயிடுச்சு" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. "சாப்பாடு போடப் போறாங்க. ஐஸ்கிரீம் இருக்காம். நான் போயி எடம் புடிக்கிறேன், சீக்கிரம் வா" என்று பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

எல்லோரும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியாது. எனக்கே அப்போதுதான் அம்மா சொன்னாள். பந்தல் துணியின் இடுக்கு வழியாகப் பந்தி தெரிந்தது. பக்கத்து இலையின் மேல் அவள் இரண்டு கையையும் விரித்து வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் ஆள் வருகிறது, ஆள் வருகிறது என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.